ருபெல்லா: எந்த ரத்தப் பரிசோதனை, எப்போது, முடிவை எப்படிப் படிப்பது

ருபெல்லா வந்தவருக்குப் பெரும்பாலும் பெரிய தொந்தரவு இருக்காது. லேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி ஒரே நாளில் உடம்பு முழுக்கப் பரவும் இளஞ்சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டுதல். மூன்று நாளில் தடிப்பு மறைந்துவிடும். பெரியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, விரல், மணிக்கட்டு, முழங்கால் மூட்டுகளில் சில வாரம் வலி இருக்கலாம். தொற்றியவர்களில் நான்கில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை எந்த அறிகுறியும் இல்லாமலே கடந்துவிடுவார்கள்.

ஜெர்மன் தட்டம்மை என்ற பெயரும் இதற்கு உண்டு. ஆனால் தட்டம்மை வைரஸ் வேறு, இது வேறு. தட்டம்மை வந்து போனவருக்கு ருபெல்லா எதிர்ப்பு கிடைக்காது. "சின்ன வயசில் எனக்கு அம்மை போட்டுப் போயிடுச்சு" என்ற நினைவை மட்டும் நம்பி யாரையும் பாதுகாப்பானவர் என்று முடிவு செய்யக்கூடாது. தட்டம்மை, பார்வோ வைரஸ், டெங்கு, மருந்து ஒவ்வாமை எல்லாமே பார்வைக்கு இதேபோலத் தடிப்பைக் கொடுக்கும்.

ஆபத்து வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு. 1941இல் சிட்னியில் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்ததைக் கவனித்து எழுதினார். அன்று முதல் இந்தத் தொடர்பு தெரியும். முதல் 12 வாரத்துக்குள் தாய்க்குத் தொற்றினால் குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 85 சதவீதம் வரை போகும். 13 முதல் 16 வாரத்தில் அது ஏறத்தாழ பாதியாகக் குறையும், 20 வாரத்துக்குப் பின் பிறவிக் குறை அரிது. காது கேளாமை, கண்புரை, இதயத்தில் மூடாமல் நிற்கும் ரத்தக்குழாய் ஆகிய மூன்றும் அதிகம் காணப்படுபவை. கருவைக் காக்க மருந்து கிடையாது. அதனால்தான் முன்கூட்டியே பரிசோதித்து ஊசி போடுவதை இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

கர்ப்பத்துக்கு முன்: ஐஜிஜி மட்டும் போதும்

லேபில் "ருபெல்லா ஐஜிஜி" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நோய் வந்து போனபின்னோ ஊசி போட்டபின்னோ ரத்தத்தில் நீண்டகாலம் நிற்கும் எதிர்ப்புப் பொருள்தான் ஐஜிஜி. நரம்பிலிருந்து 3 முதல் 5 மில்லி ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறு தேவையில்லை. முடி, நகம் வளர்ச்சிக்கென்று அதிக அளவு பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். சில கருவிகளில் பயோட்டின் முடிவையே புரட்டிவிடும், இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டுக் கொடுப்பது நல்லது. அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் இம்யூனோகுளோபுலின் ஊசி போட்டிருந்தாலும் சொல்லுங்கள். பிறர் கொடுத்த எதிர்ப்புப் பொருள் உங்களுடையதுபோல ரிப்போர்ட்டில் தெரியும், சில மாதத்தில் கரைந்தும் போகும்.

முடிவு மில்லிலிட்டருக்கு இத்தனை ஐ.யு. (சர்வதேச அலகு) என்று வரும். பெரும்பாலான இடங்களில் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் எதிர்ப்பு உண்டு என்று பொருள். சில நாடுகளிலும் கருவிகளிலும் கோடு 15இல் இருக்கும். எனவே உங்கள் ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வரம்போடுதான் ஒப்பிட வேண்டும். ஒரு லேபின் 12ஐயும் இன்னொரு லேபின் 40ஐயும் வைத்து "எதிர்ப்பு கூடிவிட்டது" என்று கணக்குப் போடாதீர்கள். கருவிக்குக் கருவி எண் மாறும். 300 என்று வந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஐஜிஜி அதிகமாக இருப்பது மட்டும் புதுத் தொற்றுக்குச் சான்று ஆகாது.

கோட்டுக்குக் கீழே இருந்தாலோ, "ஈக்விவோக்கல்" என்று நடுவில் நின்றாலோ, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான) தடுப்பூசி போடுவது நேரான வழி. அளவு அரை மில்லி, மேல்கையில் தோலுக்கடியில். ஒரே டோஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு எதிர்ப்பு வந்துவிடும். இது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். அதனால் கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்பு கடுமையாகக் குறைந்தவர்களுக்கும் போடக்கூடாது, போட்டபின் ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். தெரியாமல் போட்டபின் கர்ப்பம் என்று தெரியவந்தால் கலங்க வேண்டாம், அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டிய காரணமே இல்லை. ஊசியால் பிறவி ருபெல்லா வருவது மிக மிக அரிது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் மூட்டு வலி வரலாம், தானே போய்விடும். மறுபடி ஐஜிஜி பார்க்க விரும்பினால் ஆறு வாரம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் பார்த்து "ஊசி வேலை செய்யவில்லை" என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில்தான் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் தொடங்கியது. அன்றைக்கே 15 வயதைத் தாண்டியிருந்தவர்கள், அதாவது 2002 தொடக்கத்துக்கு முன் பிறந்தவர்கள், தனியாரிடம் எம்எம்ஆர் போட்டிருந்தால் ஒழிய ஊசி பெற்றிருக்க வாய்ப்புக் குறைவு. பழைய அட்டையில் "தட்டம்மை" என்று மட்டும் எழுதியிருந்தால் அது ருபெல்லாவுக்கு உதவாது. இலங்கையில் 1996இலேயே குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு ஊசி தொடங்கிவிட்டார்கள். 2020இல் அந்த நாட்டில் ருபெல்லா ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

டார்ச் டெஸ்ட்டும் ஐஜிஎம் பயமும்

கர்ப்பம் உறுதியானதும், அல்லது ஒருமுறை கரு கலைந்ததும், கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளைச் சேர்த்துப் பார்க்கும் டார்ச் டெஸ்ட் என்று மொத்தமாக எழுதிக்கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதில் ருபெல்லா ஐஜிஎம்மும், அதாவது புதுத் தொற்றில் முதலில் உருவாகும் எதிர்ப்புப் பொருளும், அடங்கும். தடிப்பும் இல்லை, தடிப்பு வந்தவரோடு பழகவும் இல்லை என்றால் இந்த ஐஜிஎம்மைப் பார்க்கவே கூடாது. காரணத்தைக் கணக்காகப் பார்க்கலாம். 1,000 கர்ப்பிணிகளில் ஒருவருக்கே உண்மையான தொற்று என்றும், டெஸ்ட் நூற்றில் இரண்டு முறை தவறாக "பாசிட்டிவ்" காட்டும் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த ஆயிரத்தில் பாசிட்டிவ் வருவது 21 பேருக்கு, அதில் 20 பேருக்குத் தொற்றே இல்லை. பார்வோ வைரஸ், எப்ஸ்டீன் பார் வைரஸ், முடக்குவாதக் காரணி (முடக்குவாதம் உள்ள பலரின் ரத்தத்தில் காணப்படும் ஒரு எதிர்ப்புப் பொருள்) ஆகியவை ஐஜிஎம்மைப் பொய்யாகத் தூண்டும். ஊசி போட்டபின் சில மாதமும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும், ஐஜிஎம் தேங்கி நிற்கலாம். ஒரே ஒரு ஐஜிஎம் தாளை வைத்து, வேண்டி வேண்டிப் பெற்ற நல்ல கருவைக் கலைப்பதைவிடக் கொடுமை இந்த விஷயத்தில் வேறில்லை.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தால் அடுத்து மூன்று காரியம் நடக்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன் எடுத்த ஐஜிஜி ரிப்போர்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்போதே எதிர்ப்பு இருந்தது என்றால் பெரும்பாலும் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் அதே ரத்தத்தில் ஐஜிஜி அவிடிட்டி, அதாவது அதன் பிடிப்பு வலு, பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக உருவான ஐஜிஜி வைரஸை இறுகப் பிடிக்காது, மாதங்கள் போகப் போகத்தான் பிடிப்பு வலுக்கும். அவிடிட்டி அதிகம் என்றால் தொற்று குறைந்தது மூன்று மாதத்துக்கு முந்தையது. 10 வாரக் கர்ப்பத்தில் அப்படி வந்தால், தொற்று கரு உண்டாவதற்கு முன்பே நடந்தது என்று அர்த்தம். 20 வாரத்தில் முதல் தடவை பார்த்தால் அந்த அளவுக்கு உறுதி கிடைக்காது, ஆகவே தாமதிக்காதீர்கள். மூன்றாவதாக, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு ரத்தம் எடுத்து, முதல் மாதிரியோடு சேர்த்து ஒரே லேபில், ஒரே நாளில் ஓட்ட வேண்டும். ஐஜிஜி நான்கு மடங்கு ஏறினால் புதுத் தொற்று. ஏறாமல் நின்றால் பழையது அல்லது பொய் பாசிட்டிவ்.

கர்ப்பிணி, தடிப்பு வந்தவரோடு இருந்துவிட்டால்

நோயாளி தடிப்புக்கு 7 நாள் முன்பிருந்தே பரப்புவார், தடிப்புக்குப் பின்னும் 7 நாள் பரப்புவார். ஆகவே தடிப்பைப் பார்த்த நாளிலிருந்து எண்ணாமல், அந்தக் காலத்துக்குள் முதலில் நெருங்கிப் பழகிய நாளிலிருந்து எண்ணுங்கள். அந்த நாளிலிருந்து 10, 12 நாளுக்குள் ரத்தம் எடுத்து, ஐஜிஜி இருந்தால் அது பழைய எதிர்ப்பு, நிம்மதியாக இருக்கலாம். நோய் அரும்பவே 14 முதல் 21 நாள் ஆகும் என்பதால் புது ஐஜிஜி அவ்வளவு சீக்கிரம் வராது. ஐஜிஜி இல்லையென்றால் அந்த ரத்தத்தை லேப் உறைநிலையில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மூன்று, நான்கு வாரத்திலும் மறுபடி ஆறாவது வாரத்திலும் ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் பாருங்கள். அறிகுறி இல்லை என்பதால் இரண்டாவது ரத்தத்தை விட்டுவிடாதீர்கள்.

தடிப்பு வந்தவருக்குப் பரிசோதனை

வீட்டில் அம்மை கண்டால் வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பது பல குடும்பங்களின் நம்பிக்கை. வேப்பிலை இருக்கட்டும், ஆனால் மாதிரி கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். வைரஸையே தேடும் பிசிஆர் சோதனைக்குத் தொண்டைச் சளி மாதிரியும் சிறுநீரும் தடிப்பு வந்த முதல் சில நாளில், அதிகம் போனால் 7 நாளுக்குள், எடுத்தாக வேண்டும். ஐஜிஎம்முக்கு நேர் எதிர்: முதல் நாளில் பாதிப் பேருக்கு நெகட்டிவ் வரும். ஐந்து நாளுக்குள் எடுத்த ரத்தம் நெகட்டிவ் என்றால் அதை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளாமல் மறுபடி எடுக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காய்ச்சலும் தடிப்பும் இருப்பதைச் சொன்னால் அரசு வழியாகவே மாதிரி ஆய்வகத்துக்குப் போகும்.

பிரசவத்துக்குப் பின்

கர்ப்பத்தில் ஐஜிஜி நெகட்டிவ் என்று தெரிந்த பெண்ணுக்கு, வீட்டுக்கு அனுப்பும் முன்பே எம்எம்ஆர் போட்டுவிட வேண்டும். தாய்ப்பால் தடையில்லை. ரத்த வகை நெகட்டிவாக இருக்கும் தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசி போட்டிருந்தாலும் இதை நிறுத்தக்கூடாது, மூன்று மாதம் கழித்து ஐஜிஜி பார்த்துக்கொண்டால் போதும்.

தாய்க்குத் தொற்று இருந்ததாகச் சந்தேகம் இருந்தால் குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஎம் பாருங்கள், அது தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வராது. ஐஜிஜி தாயிடமிருந்து வரும், மாதங்களில் இறங்கும். ஆறு மாதத்துக்குப் பின்னும் இறங்காமல் நின்றால் அது குழந்தையின் சொந்தத் தொற்று. இப்படிப்பட்ட குழந்தை ஒரு வயது வரை சளியிலும் சிறுநீரிலும் வைரஸை வெளியேற்றலாம், அதனால் எதிர்ப்பு இல்லாத கர்ப்பிணிகள் அந்தக் குழந்தையைத் தூக்கவோ துணி மாற்றவோ கூடாது. பிறந்தவுடன் செய்த காது சோதனை சரியாக இருந்தாலும் சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இந்தச் செவித்திறன் குறை பிறந்து வெகுநாள் கழித்தும் தொடங்கலாம்.