எஃப்.சி.க்கு அடிக்கும் கறுப்பு பெயின்ட்: லாரி அடிப்பாகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

8 வருடம் தாண்டிய லாரிக்கு வருடா வருடம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் ஃபிட்னஸ் சான்றிதழ்) உண்டு. தேதி நெருங்கினால் பட்டறைப் பக்கம் ஒரே கறுப்பு பெயின்ட் வாடை. நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் அடித்த அதே கூத்தை இப்போது வருகிற பையன்களும் அடிக்கிறார்கள். சேற்றைக் கழுவாமல் அடிக்காதே, கண்ணாடி மாட்டாமல் கிரைண்டர் பிடிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விடுங்கள்.

ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வரும். காலையில் வாட்டர் சர்வீஸ், சாயங்காலம் கெட்டியாக ரப்பர் கோட்டிங். காசு கம்மி என்றால் தார்.

தூத்துக்குடியில் உப்பு லோடு அடிக்கிற வண்டி ஒன்று இப்படித்தான் பளபளவென்று கிளம்பிப் போனது. மழைக்காலம் கழித்துத் திரும்பி வந்தபோதும் கோட்டிங்கில் ஒரு கீறல் இல்லை. கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) சேஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) சேருகிற இடத்தில் மட்டும் லேசான வீக்கம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பினேன். கோட்டிங் தோலாக உரிந்து வந்தது. பின்னாலேயே துரு அடுக்கடுக்காகக் கொட்டியது. மெம்பரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. கோட்டிங் அடித்த காசு, அதை உரித்த கூலி, புது மெம்பர், வண்டி நின்ற நாட்களின் வாடகை என்று எல்லாம் தண்டம். ஒன்றுமே அடிக்காமல் விட்டிருந்தால் துரு கண்ணுக்காவது தெரிந்திருக்கும்.

துருக்குழிக்குள் தங்கிய உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுக்கும். அதனால் காய்ந்த மாதிரி தெரிவதை நம்பக் கூடாது. இரும்பு துருவானால் பல மடங்கு உப்பும். ரிவெட் அடித்த இரண்டு தகடுகளை அதுவே பிரித்துவிடும். பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் மரச்சட்டம் இருக்கிற வண்டியில் இன்னும் மோசம், மரம் குடித்த தண்ணீர் லேசில் வற்றாது.

கடலோரத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்புதான். கடைசிக் கழுவலாவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும். இடுக்குகளில் கம்ப்ரசர் காற்று அடித்து, வண்டியை வெயிலில் போடுங்கள். துருச் செதிலைச் சுத்தியலால் தட்டி உதிர்த்த பிறகுதான் கம்பி பிரஷ். செதில் மேலேயே பிரஷ் ஓட்டினால் துரு பாலிஷ்தான் ஆகும். தின்னர் தொட்ட துணியால் துடைத்து ரெட் ஆக்சைடு (துருத் தடுப்பு பிரைமர்) அடித்து, ஓர் இரவு காய விடுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள், வெறும் ரெட் ஆக்சைடு தண்ணீரை உள்ளே விட்டுவிடும். மேலே எனாமல் இரண்டு கோட். பட்ஜெட் இடித்தால் வெட்ட வேண்டியது ரப்பர் கோட்டிங்கை. காயவைக்கிற நாளை அல்ல.

கழிப்பறை ஆசிட்

இதை ஊற்றினால் துரு நிமிடத்தில் கரையும், மறுநாள் காலையில் இரும்பு ஆரஞ்சாக நிற்கும். ஆசிட்டில் இருக்கிற குளோரைடு உள்ளேயே தங்கிவிடுகிறது. கமான் பட்டையில் (லோடைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை) ஊற்றவே ஊற்றாதீர்கள், கடினமாக்கிய எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். ஆசிட்தான் வேண்டும் என்றால் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மாற்றி வாங்குங்கள்.

பழைய இன்ஜின் ஆயில் ஸ்பிரே

வேண்டாம். ரப்பர் புஷ் ஊறும், பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது, பிறகு எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது.

கழுவிவிட்டு கிரீஸை மறப்பது

வாட்டர் சர்வீஸ் முடிந்த கையோடு எல்லா நிப்பிளுக்கும் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை) கிரீஸ்.

கண்ட இடத்தில் பெயின்ட்

யூ போல்ட் (கமான் பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் போல்ட்) உட்காருகிற முகத்தில் கெட்டியாக அடித்தால், லோடு ஏறியதும் பெயின்ட் நசுங்கி போல்ட் லூசாகும். ஹவுசிங் பிரீதர் (ஆக்சில் கூட்டின் காற்றுத் துளை) அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாகக் கசியும். பிரேக் ஹோஸ், சென்சார், நிப்பிள் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஸ்பிரே கன்னைத் தொடுங்கள்.

முக்கியமாக சேஸ் நம்பர். எஃப்.சி.க்குப் போன இடத்தில் நம்பர் தெரியவில்லை என்று, தின்னர் பாட்டிலும் உப்புத்தாளுமாகக் குத்தவைத்துச் சுரண்டுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். உப்புத்தாள் நம்பரையே தேய்த்துவிடும். கொஞ்சம் கிரீஸ் தடவி மேலே டேப் ஒட்டிவிட்டு அடித்தால், பிறகு துணியால் துடைத்தாலே போதும்.