பந்தை வளைக்கப் பழகும்போது விடும் பிழைகள்

வன்னியில் பின்னேரமானால் ஏதோவொரு வெளியில் உதைபந்து உருளத் தொடங்கிவிடும். அங்கே நிற்கும் பொடியள் எல்லோருக்கும் ஒரே ஆசை: பிறீ கிக்கை, எதிரணியினர் வரிசையாக நின்று போடும் சுவருக்கு வெளியால் கொண்டுபோய்க் கோலுக்குள் வளைக்க வேண்டும். பந்து வளையாவிட்டாலும், தப்பித்தவறி வளைந்துவிட்டாலும், 'காத்து இழுத்துப்போட்டுது' என்பார்கள். முதற்பிழை இதுதான். சோளகமோ வாடையோ பந்தைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஆனால் நாம் ஆசைப்படும் அந்த வளைவு சுழற்சியால் வருவது. இலை அசையாத விடியற்காலையிலும் சுழலும் பந்து வளையும்.

வலக்காலின் உட்பக்கத்தால் பந்தின் நடுவுக்குக் கொஞ்சம் வலப்புறமாக அடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் பந்து இடஞ்சுழியாகச் சுழலும். அதன் இடப்பக்கம், எதிரே வரும் காற்று போகும் திசையிலேயே நகர்கிறது. அதனால் அந்தப் பக்கக் காற்று பந்தில் அதிகமாக ஒட்டிக்கொண்டு, பின்புறத்தைச் சுற்றி வலப்பக்கமாகத் திரும்பிப் போகும். பந்து காற்றை வலப்பக்கம் தள்ள, காற்று பந்தை இடப்பக்கம் தள்ளும். டென்னிஸ் பந்து வளைவதை 1672இலேயே நியூட்டன் எழுதியிருக்கிறார். ஆனால் 1852இல் இதை ஆராய்ந்த ஜெர்மனியர் மக்னஸின் பெயரே இதற்கு நிலைத்தது.

'ஒரு பக்கம் காற்று வேகமாக ஓடுகிறது, அமுக்கம் குறைகிறது' என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவதும் போதாது. மேற்பரப்பு வழவழப்பான பந்து, சில வேகங்களில் எதிர்ப்பக்கம்கூட வளையும். கடையில் வாங்கும் மெல்லிய பிளாஸ்ரிக் பந்தில் பழகக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அது காட்டுகிற வளைவை நம்பிக் கால் பழகினால், தையல் உள்ள சரியான பந்து வரும்போது எல்லாம் மாறிவிடும். மேற்பரப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கோல்ஃப் பந்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு ஆட்டக்காரர்கள், கீறல் விழுந்த பழைய பந்து புதுப் பந்தைவிட நன்றாகப் பறப்பதைக் கண்டார்கள். இன்றைய பந்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான குழிகள் அதன் தொடர்ச்சிதான்.

கோல்ஃபில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பந்து புறப்படும் திசை பெரும்பாலும் மட்டையின் முகம் பார்க்கும் திசை. முகம் பார்க்கும் திசைக்கும் மட்டை வீசப்படும் திசைக்கும் இடையில் உள்ள விலகல்தான் வளைவைத் தருகிறது. பந்து வலப்பக்கம் வளைகிறதே என்று மட்டையை இன்னும் இடப்பக்கமாக வீசினால் அந்த விலகல் கூடி, வளைவும் கூடும். எங்கள் பொடியள் விடுவதும் இதே மாதிரியான பிழைதான். பந்து சுவரில் பட்டதும் அடுத்த தடவை காலை இன்னும் குறுக்காக இழுக்கிறார்கள். அப்போது பந்தின் ஓரத்தை மட்டும் உரசிவிட்டு வருவார்கள். சுழற்சி வரும், வேகம் வராது. வேகம் இல்லாத பந்து கோலுக்குப் போகாமலே விழுந்துவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் காண்கிற பிழை, சுவரை அடைவதற்குள் பந்து வளைந்துவிடும் என்று எதிர்பார்ப்பது. வளைவு சீராகக் கூடுவதில்லை. பாதித் தூரம் போகும்போது மொத்த வளைவில் ஏறத்தாழ கால்வாசிதான் தெரியும், மீதி முக்கால்வாசியும் பின்பாதியில் வரும். 20 மீற்றரிலிருந்து அடிக்கும்போது, 9.15 மீற்றரில் நிற்கும் சுவரைக் கடக்கையில் ஐந்தில் ஒரு பங்குதான் வளைந்திருக்கும். ஆகவே சுவரின் வெளியோரத்தையும் தாண்டித் துணிந்து குறிவைக்க வேண்டும். 1997இல் பிரான்சுக்கு எதிராக பிரேசில் வீரர் ரொபேர்ட்டோ கார்லோஸ் சுமார் 35 மீற்றரிலிருந்து இடக்காலின் வெளிப்பக்கத்தால் அடித்த பந்து, சுவருக்கு வெளியே வெகுதூரம் விலகிப் போய்த்தான் திரும்பியது. தூரமும் வேகமும் இல்லாமல் அது நடந்திருக்காது. பத்து மீற்றரில் நின்று பழகினால் உங்கள் வளைவு உங்களுக்கே தெரியாது. சுவருக்கு இரண்டு சைக்கிளை நிறுத்திவிட்டு, தள்ளி நின்று அடியுங்கள்.

உதைத்த பிறகு பாதத்தைத் திருப்பினால் வளையும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பந்து காலில் பட்டிருப்பது ஒரு செக்கனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நேரம். அதன் பிறகு கால் எப்படிப் போனாலும் பந்துக்கு ஒன்றுமில்லை. படுவதற்கு முன் கால் வந்த திசையும் பட்ட இடமும்தான் கணக்கு.

அப்புறம், மாரியில் பந்தைத் துடைக்காமல் அடிக்காதீர்கள். ஈரத்தில் கால் வழுக்கிவிடும், சுழற்சி குறையும். ஒரு பழந்துணி போதும். துடைக்க நேரமில்லாவிட்டால், ஓரத்தைத் தேடாமல் நடுவுக்கு இன்னும் கிட்டவாக அடித்துவிடுங்கள், கோல் காப்பாளருக்கும் அந்தப் பந்து வழுக்கும்.