டவருக்கு ஃபோன் வேண்டாம், அனுமதி வாங்குங்கள்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் புது டிரோனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, ஏர்போர்ட் பக்கத்துல பறக்கவிடணும்னா கண்ட்ரோல் டவருக்கு முன்னாடியே ஃபோன் பண்ணிச் சொல்லணுமாமே, நம்பர் இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துக் கோப்பெல். டல்லஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்துக்கு வடக்கே ஒட்டினாற்போல இருக்கும் ஊர். தெற்குக் காற்று அடிக்கும் நாளில், இறங்கப்போகும் விமானங்கள் சக்கரத்தை நீட்டியபடி ஒன்றன்பின் ஒன்றாக ஊருக்கு மேலே போகும்.

தம்பி சொன்னது பழைய வழக்கம். 2012இல் வந்த சட்டப்படி, 5 மைலுக்குள் விமான நிலையம் இருந்தால் அதன் நிர்வாகத்துக்கும், டவர் இருந்தால் டவருக்கும் தகவல் சொல்லிவிட்டுத்தான் பறக்கவிட வேண்டியிருந்தது. 2017இல் நான் அப்படித்தான் செய்தேன். ஒரு தாளில் நம்பர்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன். பக்கத்து ஆஸ்பத்திரி ஹெலிபேட்டுக்காகக் கூப்பிட்டால், எடுத்தவருக்கு எதற்குக் கூப்பிடுகிறேன் என்றே புரியாது. நாலு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

2018 அக்டோபரில் அந்தச் சட்டப் பிரிவு போய்விட்டது. இப்போது விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியில் தகவல் சொன்னால் போதாது, அனுமதி வாங்க வேண்டும். டவரில் இருப்பவர் ஃபோனில் "சரி" என்று சொன்னாலும் அது அனுமதி ஆகாது. இறங்கும் விமானங்களைக் கவனித்துக்கொண்டிருப்பவரை நம் ஃபோனால் தொந்தரவு செய்ய வேண்டாம். பழைய வீடியோக்களைப் பார்த்து யாரும் டவரைக் கூப்பிடாதீர்கள்.

முதலில், பொழுதுபோக்குக்கு டிரோன் பறக்கவிடுகிறவர்கள் எழுத வேண்டிய டிரஸ்ட் என்ற பாதுகாப்புத் தேர்வு. இணையத்திலேயே எழுதலாம், இலவசம், சான்றிதழை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். டிரோன் 250 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏவின் தளத்தில் 5 டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். மூன்று வருடத்துக்குச் செல்லும். சின்ன டிரோன்தானே, வான்வெளி அனுமதி வேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள். எடை குறைவு என்பது பதிவுக்குத்தான் விலக்கு.

அப்புறம் வரைபடம். கட்டுப்பாட்டு வான்வெளிக்கு லான்ஸ் என்ற தானியங்கி இணைய முறையில் அனுமதி கிடைக்கும். பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர்களுக்கும் 2019 ஜூலையில் அதைத் திறந்துவிட்டார்கள். எஃப்ஏஏ அங்கீகரித்த ஆப் ஒன்றை இறக்கித் திறந்தால், நிலையத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும்: 0, 50, 100, 200, 400 என்று. தரையிலிருந்து அத்தனை அடி உயரம் வரைதான் உடனடி அனுமதி. ஓடுபாதைக்கு நேராக இருக்கும் இடங்களில் 0 நிறையப் பார்க்கலாம். எங்கள் வீட்டுக் கட்டமும் 0தான். அங்கே கேட்டுப் பயனில்லை, இடத்தை மாற்றத்தான் வேண்டும். தம்பியும் நானும் 100 அடிக் கட்டத்தில் இருக்கும் நண்பர் வீட்டுக் கொல்லைக்குப் போனோம்.

அங்கே நின்று ஆப்பில் வட்டம் போட்டு, தொடங்கும் நேரம், எவ்வளவு நேரம், உயரம், ஃபோன் நம்பர் எல்லாம் கொடுத்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அனுமதி வந்துவிட்டது. அவசரமென்றால் உங்களைத் தொடர்புகொள்ளத்தான் அந்த நம்பர், அதனால் சரியானதைக் கொடுத்து ஃபோனைக் கையிலேயே வைத்திருங்கள். கண்ட்ரோலரில் அதிகபட்ச உயரத்தையும் 100 அடிக்குப் பூட்டினோம். முன்பு டிஜேஐ நிறுவனத்தின் டிரோன்கள் விமான நிலையம் அருகே கிளம்பவே மறுக்கும். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தத் தடையை எடுத்துவிட்டு எச்சரிக்கை மட்டும் காட்டுகிறார்கள். டிரோன் கிளம்புகிறது என்பதாலேயே அனுமதி இருக்கிறது என்று ஆகாது.

அனுமதி கையில் இருந்தாலும் தற்காலிகத் தடை இருக்கிறதா என்று கிளப்புவதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள். பக்கத்து ஊரான ஆர்லிங்டனில் பெரிய மைதானங்களில் அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால் மேட்ச் நடந்தால், தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை, மைதானத்தைச் சுற்றி 3 கடல் மைலுக்குள் பறக்கவிடக் கூடாது. தீ பிடித்த இடத்துக்கும் இப்படித் தடை போடுவார்கள். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பாலிசேட்ஸ் தீயின்போது, தடையை மீறிப் போன ஒரு டிரோன் தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. வீடுகள் எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த விமானத்தைத் தரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

ஹெலிகாப்டர் விஷயத்தில் காதை நம்புங்கள். ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர் எந்தத் திசையிலிருந்தும் தாழ்வாக வரும். அன்று தம்பி டிரோனை 80 அடியில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது தூரத்தில் தடதடவென்று சத்தம் கேட்டது. எங்கே என்று இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. "இறக்குங்க தம்பி, அப்புறம் பார்க்கலாம்" என்றேன். டிரோன் புல்லில் உட்கார்ந்து இறக்கை நின்றதும்தான் மரங்களுக்குப் பின்னாலிருந்து அது வெளியே வந்தது.

திரும்பக் கிளப்புமுன் மணி பார்த்தோம். வாங்கிய நேரத்தில் ஆறு நிமிடம்தான் மிச்சம். ஆப்பில் புதிதாக ஒரு மணி நேரம் கேட்டு, பதில் வந்த பிறகு கிளப்பினோம்.