பாக்கெட் பிடிக்கும் முன்: எங்கே, எப்போது?

"நெட்வொர்க் ஸ்லோ" என்று புகார் வந்ததும் நெட்வொர்க்கில் ஓடும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, கண்ணில் பட்ட இன்டர்ஃபேஸில் (நெட்வொர்க் இணைப்பில்) கேப்சரைத் தட்டிவிடுவோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பக்கத்து மேசைக் கணினிக்கும் சர்வருக்கும் இடையே நடப்பதை என் லேப்டாப்பில் அரைமணி நேரம் தேடியிருக்கிறேன். பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் பாக்கெட்) தவிர ஒன்றும் வரவில்லை. வரவும் வராது. வந்ததை எல்லாப் போர்ட்டுக்கும் தள்ளிவிடும் ஹப் காலம் இல்லை இது. யாருக்கு உரியதோ அந்தப் போர்ட்டுக்கு மட்டும்தான் ஸ்விட்ச் பாக்கெட்டைத் தள்ளும். ஸ்விட்சில் போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டின் பாக்கெட்டுகளை நகலெடுத்து இன்னொரு போர்ட்டுக்கும் அனுப்புவது) போட வேண்டும், இல்லையென்றால் பிரச்சினை உள்ள கணினியிலேயே பிடிக்க வேண்டும்.

அங்கே பிடித்தால் வேறொரு பூச்சாண்டி. டிசிபிடம்ப்பை (கமாண்ட் வரியில் பாக்கெட் பிடிக்கும் கருவி) விரிவாகக் காட்டச் சொன்னால், வெளியே போகும் பாக்கெட்டுகளில் செக்சம் (பாக்கெட் பழுதாகவில்லை என்று சரிபார்க்கும் எண்) தவறு என்று வரிசையாக வரும். உடனே கேபிளைக் கழற்றாதீர்கள். செக்சம் கணக்கை இன்று பெரும்பாலும் நெட்வொர்க் கார்டே போடுகிறது. நாம் பிடிப்பதோ பாக்கெட் கார்டுக்குள் போவதற்கு முன்பு. 1500 பைட் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) உள்ள இணைப்பில் பல ஆயிரம் பைட் பாக்கெட் தெரிவதும் இதே கதைதான். நறுக்குகிற வேலையும் கார்டுடையது. சந்தேகம் இருந்தால் மறுமுனையில் பிடித்துப் பாருங்கள், செக்சம் சரியாக இருக்கும்.

நான் அதிகம் அடிபட்டது நேரத்தில்தான். இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கேப்சரைத் தொடங்கினால் டிசிபியின் (பாக்கெட்டுகள் தவறாமல் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறை) ஆரம்பக் கைகுலுக்கல் கிடைக்காது. மூன்று பாக்கெட்தானே என்று தோன்றும். ஆனால் டிசிபி ஹெடரில் விண்டோ (பெறும் முனை அப்போது வாங்கிக்கொள்ளத் தயாராக உள்ள பைட்) அளவுக்கு 16 பிட்தான் இடம், அதிகபட்சம் 65,535. அந்த எண்ணை எத்தனை மடங்காகப் படிக்க வேண்டும் என்பதை இரு முனைகளும் கைகுலுக்கலின் முதல் இரண்டான சின், சின்-ஆக் பாக்கெட்டுகளில் மட்டுமே சொல்லிக்கொள்கின்றன. அவை கையில் இல்லையென்றால், 500 என்று தெரியும் விண்டோ உண்மையில் 128 மடங்காக, 64,000 ஆக இருக்கலாம். சர்வர் திணறுகிறது என்று ரிப்போர்ட்டே எழுதிவிடுவோம். முதலில் கேப்சர், பிறகு அப்ளிகேஷனை மூடித் திறக்கச் சொல்லுங்கள். எப்போது வரும் என்றே தெரியாத கோளாறு என்றால் ரிங் பஃபரில் ஓடவிடுங்கள்; பழைய ஃபைல்கள் அழிந்து புதியவை எழுதப்படும், டிஸ்க் நிரம்பாது.

ஒருமுறை, ஒரு வெப்சைட் திறக்க 5 விநாடி ஆகிறது என்றார்கள். கேப்சர் ஃபில்டரில் சர்வர் ஐபியும் போர்ட் 443-உம் (https-க்கான எண்) போட்டுப் பிடித்தேன். ஃபைலில் எல்லாமே மின்னல் வேகம்! பட்டியலில் முதலில் இருந்த டிஎன்எஸ் சர்வர் (வெப்சைட் பெயருக்கு ஐபி முகவரி சொல்வது) செத்துக் கிடந்தது. லினக்ஸ் வழக்கமாக 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்கும். அந்த டிஎன்எஸ் (போர்ட் 53) பாக்கெட்டுகளை நானே வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கேப்சர் ஃபில்டரில் விட்டது திரும்பக் கிடைக்காது. பிடித்த பிறகு போடும் டிஸ்ப்ளே ஃபில்டர் மறைக்க மட்டுமே செய்யும்.

அதற்காக, தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரு கணினிக்குள் போய் ஃபில்டரே இல்லாமல் டிசிபிடம்ப் ஓட்டினால் கூத்துதான். திரையில் விழும் வரி உங்களிடம் வர ஒரு பாக்கெட், அந்தப் பாக்கெட்டுக்கு இன்னொரு வரி. உங்கள் சொந்த எஸ்எஸ்ஹெச் இணைப்பை மட்டும் விலக்கிவிடுங்கள்.

வயர்ஷார்க்கில் கருப்புப் பட்டையில் சிவப்பு எழுத்தாக நாலைந்து ரீடிரான்ஸ்மிஷன் (பாக்கெட்டை மறுபடி அனுப்புவது) தெரிந்தால் பதற வேண்டாம், டிசிபிக்கு அது அன்றாடம். பாக்கெட் எங்கே தொலைகிறது என்று சொல்ல ஒரு முனை கேப்சர் போதாது. இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் பிடியுங்கள், அதற்கு முன் என்டிபியில் (நெட்வொர்க் வழியே நேரம் ஒத்திசைக்கும் முறை) கடிகாரங்களைச் சரிபாருங்கள்.

பிடித்த ஃபைலை உதவிக்காக வெளியாருக்கு அப்படியே அனுப்புவதும் நடக்கிறது. என்கிரிப்ட் ஆகாத இணைப்பு என்றால் பாஸ்வேர்ட், குக்கி எல்லாம் அதில் அப்பட்டமாக இருக்கும். ஹெடர் மட்டும் போதும் என்றால், ஸ்னாப் லெங்த்தை (ஒவ்வொரு பாக்கெட்டிலும் பிடிக்கும் அளவு) 128 பைட்டாகக் குறைத்துப் பிடித்தால் உள்ளடக்கத்தின் பெரும்பகுதி ஃபைலுக்குள்ளேயே வராது.