ஆர்டர் பண்ணது ஒண்ணு, வந்தது வேற ஒண்ணு: டீலர்கிட்ட ஆடியோ சாமானை மாத்தி வாங்குறது எப்படி

நான் கேட்டது 80 ஓம் ஹெட்ஃபோன் (ஓம்னா மின்தடையோட அளவு, அது ரொம்பக் கூடினா போனோட சக்தி பத்தாது). பெட்டி மேல 80 ஓம்னுதான் போட்டிருந்துச்சு, உள்ள இருந்தது 250 ஓம். பார்வைக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, ஆனா போன்ல மாட்டி வால்யூமை முழுசா ஏத்தினாலும் எங்கேயோ தூரத்துல பாடுற மாதிரி இருந்துச்சு. டீலரைக் கேட்டா "நாங்க சரியாத்தான் அனுப்பினோம், உங்க போன்லதான் பிரச்சினை"ன்னுட்டார். மூணு வாரம் அலைஞ்சு மாத்தி வாங்கினேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் இதை எழுதுறேன்.

1. முதல்ல கையை எடுங்க

தப்பான சாமான்னு தோணின அந்த நிமிஷமே உபயோகிக்கிறதை நிறுத்துங்க. ஸ்டிக்கர், ப்ளாஸ்டிக் கவர், உள்ள வந்த ஒயர் எதையும் தூக்கிப் போடாதீங்க. ஆம்ப்போ (சத்தத்தைப் பெருக்குற கருவி), உள்ளயே ஆம்ப் இருக்கிற பவர்டு ஸ்பீக்கரோ வந்திருந்தா ப்ளக்கை சொருகுறதுக்கு முன்னாடியே பின்பக்கம் வோல்டேஜ் பாருங்க. 120 வோல்ட்டுக்குன்னு செஞ்சதை 230 வோல்ட்ல போட்டா புகைஞ்சிரும், அப்புறம் தப்பா அனுப்பின கதையே அடிபட்டுப் போய் நீங்க எரிச்ச கதையாயிரும்.

2. போட்டோ

கூரியர் லேபிள், வெளிப்பெட்டி, உள்பெட்டி, சாமான் எல்லாத்தையும் எடுங்க. முக்கியமா பெட்டியில இருக்கிற சீரியல் நம்பரும் சாமான்ல இருக்கிற சீரியல் நம்பரும் ஒரே போட்டோல தெரியணும். என் கேஸ்ல ரெண்டும் வேற வேற நம்பர். யாரோ திருப்பிக் குடுத்ததை பெட்டி மாத்திப் போட்டு எனக்கு அனுப்பியிருக்காங்கன்னு கடைசியில டீலரே ஒத்துக்கிட்டார்.

போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, ஈமெயில்ல அட்டாச் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா போட்டோவா அனுப்பினா அளவு குறைஞ்சு, எடுத்த தேதி விவரமும் போயிரும், சீரியல் நம்பர் மாதிரி சின்ன எழுத்தெல்லாம் மசமசன்னு ஆயிரும்.

3. மாடல் பேரோட வாலைப் பாருங்க

ஆடியோல பாதி சண்டை பேருக்குப் பின்னாடி ஒட்டியிருக்கிற ஒரு எழுத்தால வர்றதுதான். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ ஹெட்ஃபோன் 32, 80, 250 ஓம்னு வருது. ஆடியோ டெக்னிக்கா ஏடி2020 எக்ஸ்எல்ஆர் மைக், அதுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (ஒயர் வழியா மைக்குக்குப் போற மின்சாரம்) வேணும், ஏடி2020 யூஎஸ்பி நேரா கம்ப்யூட்டர்ல சொருகுறது. ஷ்யூர் எஸ்எம்7பி மைக் வேற, உள்ளயே ப்ரீஆம்ப் (மைக் சிக்னலைக் கூட்டுற சர்க்யூட்) வச்ச எஸ்எம்7டிபி வேற. நீங்க ஆர்டர் பண்ணது எந்த வால்னு பில்லுல பாருங்க, தப்பு உங்க பக்கம்னா மேல படிக்கிறதுல பிரயோஜனமில்ல. ஆர்டர் பேஜை உடனே பிடிஎஃப்பா சேவ் பண்ணிருங்க, விவரத்தை அவங்க பின்னாடி மாத்திட்டா உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.

4. அளந்து காட்டுங்க (நான் சறுக்கின இடம்)

"சத்தம் கம்மியா இருக்கு"ன்னா யாரும் நம்ப மாட்டாங்க, நம்பர் வேணும். அதுக்கு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். முள் ஆடுற பழைய மீட்டர் எனக்குப் பிடிக்காது, போட்டோல எண் தெளிவா விழாது.

ஹெட்ஃபோன் பின்ல நுனி இடது காது, நடு வளையம் வலது காது, அடிப்பாகம் ரெண்டுக்கும் பொது. மீட்டரோட ஒரு ப்ரோபை (ஒயர் நுனியில இருக்கிற கம்பி) அடிப்பாகத்துலயும் இன்னொண்ணை நுனியிலயும் வைங்க. நான் மீட்டரை 200 ஓம் ரேஞ்சுல வச்சு அளந்தேன், வெறும் 1னு காட்டுச்சு. ஒரு ஓம்தான் இருக்கு, ஷார்ட் ஆயிருச்சுன்னு நினைச்சு டீலருக்கும் அப்படியே எழுதிட்டேன், அவர் "அப்ப நீங்கதான் கெடுத்திருக்கீங்க"ன்னு திருப்பிட்டார், ஒரு வாரம் போச்சு. உண்மையில இடது ஓரமா தனியா நிக்கிற அந்த 1க்கு அர்த்தம் "என் ரேஞ்சைத் தாண்டிருச்சு"ங்கிறதுதான். சில மீட்டர்ல ஓஎல்னு காட்டும். 2000 ரேஞ்சுக்குத் திருப்பினதும் 250க்குப் பக்கத்துல நின்னுச்சு, வலது காதும் அதே. மீட்டர், பின், சீரியல் நம்பர் மூணும் ஒரே போட்டோல எடுத்து அனுப்பினேன், அதுக்கப்புறம் போனைப் பத்தின பேச்சே வரல.

ஸ்பீக்கரை அளந்தா எழுதியிருக்கிறதை விடக் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும், 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7னு காட்டினா பதறாதீங்க.

5. எழுத்துல கேளுங்க

போன்ல பேசினது காத்தோட போயிரும். பேசினாலும் அன்னைக்கே "இப்படிப் பேசினோம்"னு ஒரு மெயில் போட்ருங்க. கோவத்தை எழுதாதீங்க, நான் அனுப்பினது இவ்வளவுதான்:

"ஆர்டர் எண் இது. கேட்டது 80 ஓம், வந்தது 250 ஓம். சீரியல் எண் போட்டோவும் அளவு போட்டோவும் இணைத்துள்ளேன். சரியான சாமானை மாற்றித் தரவும், இல்லையென்றால் முழுப் பணமும் திருப்பித் தரவும். திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. 7 நாளுக்குள் பதில் வேண்டும்."

கூரியர் செலவு பத்தின வரி கட்டாயம் இருக்கட்டும். ஸ்பீக்கர் மாதிரி கனமான சாமானுக்கு அதுவே பெரிய தொகை.

6. பதில் வரலைன்னா

கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பிக் கேக்குற புகார்) போடலாம். விசாவுல "சொன்ன மாதிரி இல்லாத சாமான்"ங்கிறதுக்கு 13.3னு தனி கோடே இருக்கு, பொதுவா 120 நாள் டைம். டீலர்கிட்ட முதல்ல பேசிப் பார்த்தீங்களா, திருப்பித் தர்றேன்னு சொன்னீங்களான்னு கேப்பாங்க, அங்கதான் அந்த மெயில் உதவும். பேபால்ல கட்டியிருந்தா 180 நாளுக்குள்ள டிஸ்ப்யூட் திறக்கலாம், ஆனா திறந்த 20 நாளுக்குள்ள அதை க்ளெய்மா (பேபாலே முடிவு சொல்லணும்னு கேக்குறது) மாத்தணும். டீலர் "இதோ பாக்குறேன், இதோ பாக்குறேன்"னு இழுத்து அந்த 20 நாள் தாண்டிட்டா தானா மூடிரும், மறுபடி திறக்க முடியாது.

பின்சேர்க்கை: ப்ளூடூத் ஹெட்ஃபோனை அளந்தா நம்பர் கன்னாபின்னான்னு வருதுன்னு ரெண்டு பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. உள்ள ஆம்ப் இருக்கிற எதுலயும் இந்த அளவு செல்லாது, அதுக்கு சீரியல் நம்பர்தான் ஆதாரம்.

இன்னொருத்தர் திருப்பி அனுப்பினதுக்கு "காலி பெட்டிதான் வந்துச்சு"ன்னு டீலர் சொன்னாராம். அதனால ரிட்டர்ன் பேக் பண்றதையும் வீடியோ எடுங்க, கூரியர்ல குடுக்கும்போது எடை போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்க, பணம் கைக்கு வர்ற வரைக்கும் அதைத் தொலைச்சிராதீங்க.