சோப்புப் படலத்தில் ஒளிக் குறுக்கீடு: நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு ஒளி அலைகள் சேரும்போது ஒன்றையொன்று வலுப்படுத்துவதோ அழிப்பதோதான் குறுக்கீடு. அதைச் சோப்புப் படலத்தில் பார்க்கலாம். 200 மி.லி. தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு 20 மி.லி., கிளிசரின் 10 மி.லி. சேர்த்து, நுரை எழாமல் மெதுவாகக் கலக்குங்கள். நுரை வந்துவிட்டால் அடங்கும்வரை காத்திருங்கள்; வளையத்தில் ஒரு குமிழி ஒட்டினாலும் வண்ணப் பட்டைகள் கோணலாகிவிடும். கிளிசரின் நீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும், அதனால் படலம் சட்டென உடையாது.

கம்பியை 8 செ.மீ. அகல வளையமாக வளைத்து, கரைசலில் முக்கி எடுத்து, செங்குத்தாக நிறுத்துங்கள். கையில் பிடித்தால் ஆடும். தாங்கியில் பொருத்துவதே நல்லது. படலத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் வையுங்கள்.

பலர் தவறுவது வெளிச்சத்தில்தான். விளக்கை நேராகப் படலத்தில் அடித்தால் ஒரு புள்ளி மட்டுமே மின்னும். பெரிய வெள்ளைத் தாளில் வெளிச்சத்தை விழச்செய்து, அந்தத் தாளின் பிம்பம் படலத்தில் தெரியும்படி நின்று பாருங்கள். படலத்தின் ஒவ்வொரு பரப்பும் ஒளியில் சுமார் 2% மட்டுமே எதிரொளிக்கிறது. பின்னால் கறுப்பு இல்லையென்றால் அந்தச் சிறிய ஒளி அமுங்கிப்போகும்.

முதலில் நிறமே இருக்காது. நீர் கீழே வடிய வடிய இளஞ்சிவப்பும் பச்சையுமாகக் கிடைமட்டப் பட்டைகள் இறங்கும். கடைசியில் மேல்விளிம்பில் வெள்ளி வெண்மை தோன்றி, அதற்கும் மேலே கறுப்பு படரும். அங்கே ஓட்டை விழவில்லை, படலம் இருக்கிறது!

இந்தக் கறுப்பைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. முன்பரப்பில் எதிரொளிக்கும் அலை, காற்றிலிருந்து அடர்வான ஊடகத்தில் மோதுவதால் தலைகீழாகிறது: முகடு (அலையின் மேடு) அகடாகிறது (பள்ளமாகிறது). பின்பரப்பில் எதிரொளிக்கும் அலைக்கு அப்படி நேர்வதில்லை. படலம் மிக மெல்லியதானால் இரண்டும் கடக்கும் தூரங்களின் வித்தியாசம், அதாவது பாதை வேறுபாடு, ஏறக்குறைய பூஜ்யம். எல்லா நிறத்துக்குமே முகடும் அகடும் சேர்ந்து அழிந்துவிடுகின்றன.

தடிமன் கூடினால் பின்பரப்பு அலை 2 × ஒளிவிலகல் எண் (ஊடகத்தில் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பது) × தடிமன் அளவு பின்தங்கும். அது அரை அலைநீளமானால் அந்த நிறம் பளிச்சிடும். முழு அலைநீளமானால் மறையும். சோப்பு நீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஆகவே 530 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள பச்சை ஒளி முதலில் பளிச்சிடுவது சுமார் 100 நானோமீட்டர் தடிமனில், மறைவது 200-இல். மிகத் தடித்த படலத்தில் பல நிறங்கள் ஒரே இடத்தில் பளிச்சிட்டுக் கலந்துவிடுவதால்தான் தொடக்கத்தில் நிறம் தெரியவில்லை.

இந்தக் கணக்கு படலத்தை நேராகப் பார்க்கும்போது பொருந்தும். சாய்த்துப் பார்த்தால் பாதை வேறுபாடு குறைந்து நிறங்கள் நீலப் பக்கம் நகரும்.

அடுத்து வெள்ளை விளக்குக்குப் பதில் பச்சை எல்இடி போடுங்கள். வண்ணங்கள் போய், பச்சையும் கருமையும் மாறிமாறி வரும். மேல்விளிம்புக் கறுப்பை விட்டுவிட்டு கரும்பட்டைகளை எண்ணுங்கள். பட்டைக்கு 200 நானோமீட்டர் வீதம், ஐந்தாவது பட்டையில் படலத்தின் தடிமன் 1000 நானோமீட்டர், அதாவது 1 மைக்ரோமீட்டர்.