ஜிப் பழுதானால் நாம் செய்யும் தவறுகள்

மூடிய ஜிப் பின்னாலேயே பிளந்துகொண்டு வந்தால், பற்கள் தேய்ந்துவிட்டன என்றே பெரும்பாலோர் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவின் பேரில் முழு ஜிப்பையும் பிரித்து மாற்றச் சொல்கிறார்கள், அல்லது துணி நன்றாக இருக்கும்போதே உடையை ஒதுக்கிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இத்தகைய பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பற்கள் காரணம் அல்ல. அவற்றின் மீது ஏறி இறங்கும் ரன்னர்தான் காரணம். இதை அறியாமல் பற்களைப் பழிப்பதே முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ரன்னரின் உட்புறம் ஆங்கில எழுத்தான 'ஒய்' வடிவில் அமைந்திருக்கும். முன்பக்கத்தில் இரண்டு வாய்கள், பின்பக்கத்தில் ஒரே வாய். மேலே இழுக்கும்போது இரு வரிசைப் பற்களும் சாய்வாக உள்ளே நுழைந்து, ஒன்றின் இடுக்கில் மற்றொன்று அமர்ந்து, பின்வாய் வழியாக அழுந்தி வெளிவருகின்றன. கீழே இழுக்கும்போது நடுவிலுள்ள ஆப்பு அவற்றைப் பிரிக்கிறது. கிடியோன் சண்ட்பேக் 1913-இல் உருவாக்கி 1917-இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. பல ஆண்டுகள் உராய்ந்த பின் ரன்னரின் பின்வாய் சற்றே அகன்றுவிடும். அந்த அகலம் கண்ணுக்கே தெரியாத அளவாக இருந்தாலும், பற்களைப் போதிய அளவு அழுத்த அதனால் முடியாமல் போகிறது.

குற்றம் எங்கே என்று கண்டறிய எளிய வழி உண்டு. ஜிப்பை நான்கைந்து முறை மூடிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் பிளந்தால் ரன்னர் தளர்ந்திருக்கிறது. எப்போதும் ஒரே இடத்தில் பிளந்தால் அந்த இடத்துப் பற்களில் ஒன்று வளைந்தோ விழுந்தோ இருக்கிறது. இதைப் பார்க்காமல் கையில் குறடை எடுக்கக் கூடாது.

ரன்னர் தளர்ந்திருந்தால் குறடால் நெருக்கிச் சரிசெய்யலாம் என்பது பலருக்கும் தெரியும். எங்கே, எவ்வளவு நெருக்க வேண்டும் என்பதில்தான் பிழை செய்கிறார்கள். ரன்னரின் நடுப்பகுதியையோ முன்வாயையோ அழுத்தினால் அது பற்களைக் கவ்விக்கொண்டு நகராமல் நின்றுவிடும். முழுவதும் திறந்த நிலையில் ரன்னரை அடிமுனைக்குக் கொண்டுவந்து, பின்வாயின் இடது ஓரத்தை ஒரு முறையும் வலது ஓரத்தை ஒரு முறையும் மெல்ல அழுத்தி, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு மூடிப் பார்க்க வேண்டும். மிகுந்த வலிமையும் ஆபத்தே. பெரும்பாலான ரன்னர்கள் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. அந்த உலோகம் அதிகம் வளைந்து கொடுக்காது, சட்டென்று உடையும். இவ்வாறு நெருக்குவது ஜிப்புக்குச் சில மாதங்கள் கூடுதலாக உயிர் கொடுக்கும் வழி மட்டுமே. நீடித்த தீர்வு புதிய ரன்னரை மாட்டுவதுதான்.

புதிய ரன்னர் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. பல ரன்னர்களின் பின்புறத்தில் 3, 5, 8, 10 என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். மூடிய பற்களின் அகலம் ஏறத்தாழ எத்தனை மில்லிமீட்டர் என்பதை அது குறிக்கிறது. ஆனால் உலோகப் பற்களுக்கான 5, பற்களுக்குப் பதிலாக நைலான் இழைச் சுருள் உள்ள ஜிப்புக்கான 5, வார்ப்பு பிளாஸ்டிக் பற்களுக்கான 5 ஆகிய மூன்றின் உட்புற வடிவமும் ஒன்றல்ல. ஒன்றை மற்றொன்றில் மாட்டினால் இறுகி நிற்கும் அல்லது ஒரு வாரத்தில் கழன்று வரும். ஆகவே பழைய ரன்னரைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

துணி சிக்கிக்கொண்டபோது ரன்னரை முன்னோக்கி வேகமாக இழுப்பது மிகவும் கேடு விளைவிப்பது. ஒவ்வொரு இழுப்பிலும் துணி இன்னும் ஆழமாக உள்ளே போகும்; உள்துணி கிழியும். சிக்கிய துணியை ஒரு கையால் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்து, மறு கையால் ரன்னரை வந்த வழியே சிறிது சிறிதாகப் பின்னோக்கி அசைத்தால் பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஜிப் கடினமாக ஓடினால் சமையல் எண்ணெய் தடவுவதும் தவறே. துணியில் கறை படியும், எண்ணெயில் தூசி ஒட்டி முன்பைவிட மோசமாகும். முதலில் பழைய பல்துலக்கியால் அழுக்கை நீக்குங்கள். பின்பு உலோகப் பற்களில் பென்சில் முனையையும், மற்றவற்றில் மெழுகுவத்தியையும் தேய்த்தால் போதுமானது. வெளிர்நிறத் துணியில் பென்சிலின் கருமை படியும் என்பதால் அங்கே மெழுகையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கால்சட்டையின் ஜிப் தானாக இறங்குகிறது என்பவர்கள் ரன்னரின் கைப்பிடியைக் கவனிக்க வேண்டும். பல ரன்னர்களில் உள்ளே ஒரு சிறு முள் உண்டு. கைப்பிடி கீழ்நோக்கிப் படிந்திருந்தால் அது பற்களிடையே இறங்கிப் பூட்டிக்கொள்ளும், நிமிர்ந்திருந்தால் விலகி நிற்கும். மூடியபின் கைப்பிடியை மடக்கிவிடாததே பலருடைய தொல்லைக்குக் காரணம். கைப்பிடியைத் தொடாமல் இரு பக்கத் துணியையும் பிடித்து இழுத்துத் திறக்கும் வழக்கமும் இந்த முள்ளையும் பற்களையும் சேர்த்தே கெடுக்கிறது.

துவைக்கும்போது ஜிப்பைத் திறந்து விடக் கூடாது. திறந்த பற்கள் மற்றத் துணிகளை அராவும், ரன்னரும் அங்குமிங்கும் அடிபடும். குளோரின் கலந்த வெளுப்பான் உலோகப் பற்களை அரிக்கும். இஸ்திரியில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை: வார்ப்புப் பற்கள் பெரும்பாலும் அசிட்டால் வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை, அது ஏறத்தாழ 165 முதல் 175 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. பருத்தித் துணிக்கான இஸ்திரி வெப்பமோ 200 டிகிரியை எட்டும். ஒரு நொடி தாமதித்தாலும் பற்கள் வடிவிழந்துவிடும். அவற்றை மீட்க வழியில்லை.

முன்புறம் முழுதாகப் பிரியும் மேலாடைகளில், ஒரு பக்கத்து அடிமுனையில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை மறு பக்கத்து அடியிலுள்ள சிறு பெட்டிக்குள் கடைசி வரை நுழைக்காமல் ரன்னரை ஏற்றுவதால்தான் பற்கள் முறை தவறி, ஒரு பக்கம் நீண்டும் மறு பக்கம் குறைந்தும் நிற்கின்றன. அப்படி நின்றால் மேலும் ஏற்றாமல் உடனே இறக்கி, மறுபடி தொடங்க வேண்டும்.

பல் விழுந்த ஜிப்பையும் உடனே கைவிட வேண்டியதில்லை. கால்சட்டை, பாவாடை போன்றவற்றின் அடிப்பகுதியில் ஓரிரு பற்கள் போயிருந்தால், அந்த இடைவெளிக்குச் சற்று மேலே ரன்னரை ஏற்றி நிறுத்தி, அதற்குக் கீழே பற்களின் குறுக்காக வலுவான நூலால் எட்டுப் பத்து முறை இறுக்கிச் சுற்றித் தைத்து முடிச்சிட்டால், அதுவே புதிய அடித்தடையாகும். திறப்பு மட்டும் சிறிது குறையும். பற்கள் நடுவில் விழுந்திருந்தால், அல்லது பற்கள் பதிந்த நாடாவே கிழிந்திருந்தால், அப்போது முழு ஜிப்பையும் மாற்றத்தான் வேண்டும். பழையதை எடுக்கும்போது பிளேடால் அறுக்காமல் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுங்கள்; துணியில் எஞ்சும் பழைய தையல் தடமே புதிய ஜிப்பைக் கோணாமல் பொருத்த உதவும்.